சேரின் மாமியும் சந்திரனும்

எட்டாம் வகுப்பு விஞ்ஞான விடைத்தாள்களில் பதினெட்டாவதைத் திருத்தும்போதுதான், இது தற்செயலாக நடந்ததல்ல என்பது உதயரூபனுக்கு உறைத்தது.

கேள்வி மிக எளிது. சந்திரனில் முதன்முதலில் காலடி வைத்தவர் யார்? பிள்ளைகளுக்கு இரண்டு புள்ளி சும்மா கிடைக்கட்டும் என்று வைத்த கேள்வி. முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் "ஒருவரும் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி அதன் கீழே சிவப்பில் கோடு வேறு போட்டிருந்தாள். இன்னொருவன் யாரையும் பகைக்க விரும்பாத பிள்ளை. "பாடப்புத்தகத்தின்படி ஆம்ஸ்ரோங். சேரின் மாமியின்படி ஒருவரும் இல்லை" என்று எழுதி வைத்திருந்தான்.

பிள்ளைகளுக்குச் சேர் என்றால் உதயரூபன். சேரின் மாமி, அவன் மனைவி சுலோஜனாவைப் பெற்ற சின்னத்தங்கம்தான். அந்த நேரத்தில் அவள் குசினியில் நின்று அடுத்த நாள் இடியப்பத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தாள். வறுத்த மா வாசம் விடைத்தாள்கள்வரை வந்தது.

தேற்றாத்தீவில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. கரடியனாற்றில் பிறந்த உதயரூபன், ஊர் வழக்கப்படி, கல்யாணம் முடித்த கையோடு ஒரு சூட்கேசும் ஒரு பெட்டி புத்தகமுமாகப் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்து பதினொரு வருடம். விடியற்காலை ஆறு மணியிலிருந்து சின்னத்தங்கம் கேற்றடியில் இடியப்பம் விற்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப்பேருக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான். அடுத்த தட்டு அவியும்வரை நிற்கும் பிள்ளைகளோடு எதையாவது கதைத்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அரிசி விலை, மழை, யாருடைய மாடு யாருடைய வேலியை உடைத்தது என்பது போன்ற செய்திகள். மூன்று மாதமாகச் சந்திரன்.

இதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அன்னப்பூரணி. மாமிக்கு இடியப்பம் பிழியக் கூடமாட உதவுகிறவள். அவள்தான் தன் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். சந்திரனில் எடுத்ததாகச் சொல்லும் படங்களில் நிழல்களுக்கு யாரோ சிவப்பு வட்டம் போட்டு, இது இந்தப் பக்கம் போகிறது, அது அந்தப் பக்கம் போகிறது, எல்லாம் பொய் என்று நிறுவுகிற வீடியோ. அதுவரை மாமிக்குப் பௌர்ணமி என்றால் பள்ளிக்கூட லீவு, அதனால் இடியப்பம் பாதிதான் போகும் என்ற ஒரே அர்த்தம்தான். அந்த வீடியோவை அவள் ஒரே இருப்பில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள் என்று அன்னப்பூரணி சொன்னாள்.

உதயரூபன் விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். கடைசியில், யாரையும் பகைக்க விரும்பாத அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு புள்ளி போட்டான்.

அதுதான் முதல் பிழை.

இரண்டு நாளில் ஒரு தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பாதிப் புள்ளி கொடுத்தால் பாதி சரி என்றுதானே அர்த்தம், அப்படியென்றால் வெறுமனே ஒருவரும் இல்லை என்று எழுதிய தன் மகளுக்கும் பாதி வரவேண்டாமா என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதிபர் அழகரத்தினம் இரண்டு பேரையும் இருத்தித் தேநீர் கொடுத்தார். தகப்பன் போனபிறகு கதவைச் சாத்தினார்.

"இன்னும் ரெண்டு கிழமையில விஞ்ஞானக் கண்காட்சி. வலயக் கல்விக் கந்தோரால ஆக்கள் வருவாங்க. உங்கட எட்டாம் வகுப்பு என்ன செய்யுது, தெரியுமா?"

தெரியும். சந்திரனில் மனிதன் இறங்கும் மாதிரியுரு செய்யச் சொல்லியிருந்தான். நடக்காத ஒன்றுக்கு எதற்கு சேர் ரெஜிபோம் அட்டை வெட்ட வேண்டும் என்று வகுப்பில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"இது வகுப்பில தீர்க்கிற பிரச்சினை இல்ல," என்றார் அதிபர். "உங்கட குசினியில தீருங்க."

குசினியில் தீர்ப்பது சொல்லுகிற அளவுக்கு எளிதல்ல. அந்த வீட்டில் உதயரூபனின் நிலைமை பதினொரு வருடத்துக்கு முன்னால், கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் தீர்மானிக்கப்பட்டது. பசியோடு எழும்பி வந்தவன், மேசையில் நீலப்பூப் போட்ட பீங்கானில் மூடி வைத்திருந்த ஐந்து இடியப்பத்தையும் சம்பலையும், புதுமாப்பிள்ளைக்குத்தான் என்று நினைத்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டான். மாமி வந்து வெறும் பீங்கானைப் பார்த்தாள். ஏசவில்லை. "பரவாயில்ல மாஸ்டர். அது சதீசன்ட," என்று மட்டும் சொன்னாள்.

சதீசன் சுலோஜனாவின் தமையன். கடைசிச் சண்டைக்கு முந்திய வருடம் வன்னிக்குப் போனவன், திரும்பி வரவில்லை. ஒவ்வொரு நாளும் முதல் தட்டில் அவியும் ஐந்து இடியப்பம் அவனுக்கு. மத்தியானம்வரை மூடி இருக்கும். பிறகு வழியில் போகிற யாருக்காவது கொடுத்துவிட்டு, பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். மண்டபத்துச் சுவரில் அவனுடைய படம் இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதின வயசு, சிரிக்கிற முகம். அதற்கு மாலை கிடையாது, விளக்குக் கிடையாது. மாலை போட்டால் அது வேறு படமாகிவிடும். மரணத்தைப் பதியச் சொல்லிப் படிவம் ஏதாவது வந்தால், மாமி அதை மடித்து அடுப்பு மூட்டப் பயன்படுத்துவாள்.

சண்டை முடிந்த வருடம் யாரோ ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றும், பார்த்தவர்கள் எல்லாரும் சதீசன்தான் என்று அழுதார்கள் என்றும், அம்மா மட்டும் இது என்ட பிள்ளை இல்லை என்று சொல்லிப் படத்தைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள் என்றும் சுலோஜனா கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு அவள் சொல்லவும் இல்லை, உதயரூபன் கேட்கவும் இல்லை. அந்தப் படத்தை அவன் கண்டதில்லை.

அந்த மூன்றாம் நாளிலிருந்து அவன் மாஸ்டர். சுலோஜனாவை மாமி புள்ள என்பாள், கேற்றடிக்கு வரும் பிள்ளைகளைத் தம்பி, தங்கச்சி என்பாள். "மனே" என்று மட்டும் அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. ஊரில் எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் கூப்பிடுகிற அந்தச் சொல்லை அவள் ஒருவனுக்காக எடுத்து மூடி வைத்திருந்தாள். கரடியனாற்றில் ஆறு வயதில் தாயை இழந்தவன் உதயரூபன். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டான். ஆனால் தினமும் பின்னேரம் சைக்கிளை, பிறகு மோட்டார் சைக்கிளை, கேற்றுக்குள் தள்ளும்போது அவன் காது அந்தச் சொல்லுக்குக் காத்திருக்கும். இப்போது சந்திரன் வேறு நடுவில் வந்து நின்றது. இருக்கிற மாஸ்டரும் போய்விடுமோ என்று பயந்தான்.

அதனால் தான் நேரே கதைக்காமல் சுலோஜனாவை அனுப்பினான். இரண்டாவது பிழை.

சுலோஜனா பக்குவமாகத்தான் சொன்னாள். பிள்ளைகளுக்கு முன்னால் சந்திரனைப் பற்றிக் கதைக்க வேண்டாம், இவருக்குப் பள்ளிக்கூடத்தில் கரைச்சல் என்றாள். மாமி மா அரிக்கிறதை நிறுத்தினாள்.

"நான் பொய் சொல்லுறன் எண்டா சொல்லுறார் மாஸ்டர்?"

அத்தோடு கதை நின்றது. மாமிக்கும் மருமகனுக்கும் நடுவில் மூன்று அடி தூரம்தான் இருந்தாலும், சுலோஜனாவிடம், சோறு போட்டிருக்கு என்று மாஸ்டருக்குச் சொல்லு என்பாள் மாமி. போதும் என்று மாமிக்குச் சொல்லு என்பான் இவன். நாலாம் நாள் சுலோஜனா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் பிரதேச செயலகத்தில கிளாக்காத்தான் இரிக்கன். மொழிபெயர்ப்புக்கு வேற ஆளைப் பாருங்க ரெண்டு பேரும்."

கேற்றடியிலும் மாமி வாயைத் திறக்கவில்லை. இடியப்பத்தைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை சந்தேகத்தில் இருந்த மீதிப் பன்னிரண்டு பிள்ளைகளும் அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தார்கள். சேர் மாமியைக் கதைக்க விடுகிறார் இல்லை, அப்படியென்றால் மாமி சொன்னது உண்மைதான்.

உதயரூபன் அடுத்ததாகக் கைபேசியோடு போனான். சந்திரனில் எடுத்த படங்களைத் தேடி எடுத்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். வாசலில் நாலைந்து பிள்ளைகள் நின்றார்கள். மாமி படத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் படத்தில் ஆளைப் பார்ப்பார்கள், கொடியைப் பார்ப்பார்கள். அவள் பார்த்தது நிலத்தை. விரலால் தொட்டுப் பெரிதாக்கினாள். அந்த விரல் இந்த வேலைக்குப் பழகிய விரல் போல இருந்தது.

"இந்தக் கல்லுட நிழல் இப்பிடிப் போகுது. இந்த ஆளுட நிழல் அப்பிடிப் போகுது." கதை நின்றபிறகு முதன்முறையாக நேரே அவனிடம் சொன்னாள். "அங்க எத்தினை சூரியன் மாஸ்டர்?"

ஒன்றுதான் என்றான். அப்படியென்றால் ஏன் என்றாள். அது வந்து, கமராவில் ஒரு மாதிரி, என்று அவன் இழுத்தான். உண்மையில் அவனுக்குத் தெரியவில்லை. இளவிஞ்ஞானமானியாகிப் பதினாறு வருடம் படிப்பித்தவன், நிழலைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. வாசலில் நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் சேருக்கே தெரியாதாம் என்பது ஆறாம் வகுப்புவரை போய்விட்டது.

அவனுக்கு ஒரே நம்பிக்கையாக ஹில்மி இருந்தான். ஏறாவூர்க்காரன், கூடப் படித்தவன், இப்போது வந்தாறுமூலை வளாகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா மச்சான், வந்து மாமிக்கு ஒரு விளக்கம் சொல்லு என்று கெஞ்சினான். ஹில்மி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான்.

விருந்தாளி வருகிறான் என்று கேட்டதும் மாமி வேறு ஆளாகிவிட்டாள். முஸ்லிம் பிள்ளை சாப்பிட வருது என்று புதுச் சட்டி வாங்கினாள். விடியவே வாவிக்கரைக்குப் போய் இறாலும் கணவாயும் பார்த்து எடுத்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, இறால் குழம்பு, கணவாய்ப் பிரட்டல். ஹில்மி காகிதக் கட்டைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். மூன்றாம் தரம் சோறு விழுந்தபோது, மாமி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நிழல் விஷயத்தைக் கேட்டாள்.

ஹில்மியின் வாயில் கணவாய் இருந்தது. உதயரூபன் மேசைக்குக் கீழால் அவன் காலை மிதித்தான்.

"பாக்க வேண்டிய விசயம்தான் மாமி," என்றான் ஹில்மி.

கேற்றடியில் விடைபெறும்போது ஹில்மியால் நண்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மச்சான், அந்தக் கறிக்குப் பிறகு அந்த மனிசிய எப்பிடிடா பிழை எண்டு சொல்லுற?" என்றான். காகிதக் கட்டை மறந்து விட்டுப் போனான். மாமி அதில் இடியப்பம் சுற்றினாள். திங்கட்கிழமை காலை, சமன்பாடுகள் எழுதின தாளில் சம்பல் ஒட்டியிருக்க, கெம்பஸ் சேரே ஒத்துக்கொண்டுவிட்டார் என்ற செய்தி ஊர் முழுக்கப் போனது. புதன்கிழமை அதிபர் கண்காட்சி மண்டபத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். எட்டாம் வகுப்பு கடைசியில் ஒரு மாதிரியுரு செய்துதான் இருந்தது. வெள்ளை ரெஜிபோம் உருண்டை. கீழே அழகான எழுத்தில் "சந்திரன் - மனிதன் இல்லாமல்" என்று எழுதி ஒட்டியிருந்தது.

அதிபர் அதைக் குனிந்து வாசித்தார். உதயரூபனைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் சுலோஜனா தேநீரோடு வந்து அவன் பக்கத்தில் இருந்தாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்களன். சந்திரனுக்குப் போனா என்ன, போகாட்டி என்ன?"

"பொய்ய எப்பிடி விடுற? நான் வாத்தி."

"மூண்டு மாசமா அம்மா காலையில ஏதோ பாட்டு முணுமுணுக்கிறா. கவனிச்சீங்களா? அண்ணன் போனதுக்குப் பிறகு நான் அதைக் கேட்டதில்ல."

அவன் கவனிக்கவில்லை. அவன் காது வேறொரு சொல்லுக்காகக் காத்திருந்தது. மாமிக்கு முன்னால் ஒருமுறையாவது வென்று காட்டினால், இந்த வாத்தியிடம் ஏதோ இருக்கிறது என்று அவள் நினைத்தால், என்று அவன் மனது ஓடிக்கொண்டிருந்தது.

விடை வியாழக்கிழமை தானாகவே கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வாவிக்கரைப் பாதையால் வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. மீன் பிடிக்க நட்டிருந்த கம்புகள் வரிசையாக நின்றன. மட்டமான மணலில் நின்ற கம்பின் நிழல் நேரே கிடந்தது. சரிவில் நின்ற கம்பின் நிழல் வளைந்து வேறு பக்கம் போனது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கைபேசியில் ஒரு படம் எடுத்தான். படத்தில் அந்த இரண்டு நிழலும் இன்னும் அதிகமாக விலகித் தெரிந்தன. ஒரே சூரியன், ஒரே நேரம். அவன் தன்னந்தனியாக நின்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு எல்லாரையும் வாவிக்கரைக்குக் கூப்பிட்டான். எட்டாம் வகுப்பு வந்தது. அதிபர் குடையோடு வந்தார். அன்னப்பூரணி மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுலோஜனா கந்தோரிலிருந்து வந்து சேர நேரமாகும் என்றிருந்தாள்.

உதயரூபன் மட்டமான மணலில் இரண்டு கம்பை நட்டான். இரண்டு நிழலும் ஒரே பக்கம் போயின. பிறகு ஒரு கம்புக்குப் பக்கத்தில் மணலைக் குவித்தான், மற்றதுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் தோண்டினான். நிழல்கள் பிரிந்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அதிபரின் கைபேசியில் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டினான். எதிர்த்துக் கதைக்க ஒருவரும் இல்லை. சிவப்புக் கோடு போட்டவள் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மாமி மட்டும் படத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கம்பை அங்கே வை, இங்கே வை என்றாள். அவன் வைத்தான். கொஞ்சம் தள்ளி என்றாள். தள்ளினான்.

"கம்பு நிக்கிற சாமான்," என்றாள். "கிடக்கிற ஒண்டுக்கு?"

"எதுக்கும் இப்பிடித்தான் மாமி."

"ஆள் கிடந்தா?"

வெற்றி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உதயரூபன் யோசிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துக் கால்சட்டையோடு பள்ளத்துக்குப் பக்கத்தில் மணலில் படுத்தான். முப்பத்தொரு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மாமி கிட்ட வந்து நின்றாள்.

"குப்புறப் படுங்க."

குப்புறப் படுத்தான்.

"இடது கைய மேல நீட்டுங்க. மற்றக் கை நெஞ்சுக்குக் கீழ. முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்க, எங்களைப் பாக்காதீங்க."

அவள் சொன்னபடி எல்லாம் செய்தான். தலைமாட்டில் ஒரு கம்பை அவளே கொண்டுவந்து நட்டாள். சேர் சந்திரனில் விழுந்துவிட்டார் என்று யாரோ கத்த, அதிபரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்னப்பூரணி மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வாவிப் பக்கம் திரும்பி நின்றாள். அதிபர் படம் எடுத்து மாமியின் கையில் கொடுத்தார்.

மணல் முகத்தில் குத்த அவன் அப்படியே கிடந்தான். வாவியில் ஒரு தோணி துடுப்புப் போடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை மாமி படத்தைப் பார்த்தாள்.

"மாஸ்டர், சத்தியமா? சூரியன் ஒண்டுதான், நிழல் பிழை இல்ல?"

"சத்தியமா மாமி," என்றான் மணலில் கிடந்தபடியே. "எந்தப் படத்திலயும் இப்பிடி வரும். நிழலை வைச்சு ஒரு படத்தைப் பொய் எண்டு சொல்லேலா."

மாமி கைபேசியை அதிபரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி. எழும்புங்க மனே," என்றாள் மாமி. "உடம்பெல்லாம் மண்."

அவன் எழும்பினான். அவள் தன் கையாலேயே அவனுடைய முதுகைத் தட்டிவிட்டாள். தோள், முழங்கை, பிடரி, எல்லா இடத்திலும் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். போதும் மாமி என்று சொன்னபிறகும் தட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். கண்காட்சிக்கு எல்லாவற்றையும் மாற்றி எழுதுவோம் சேர் என்றார்கள்.

அன்று பொழுதுபட சுலோஜனா வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னான். கம்பைப் பற்றியோ நிழலைப் பற்றியோ அல்ல. மாமி மனே என்று கூப்பிட்டா என்றான். சுலோஜனா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண் நிறைந்தது. "அந்தச் சொல்லை இந்த வீட்டில கேட்டுப் பதினேழு வருசம்," என்றாள். மாமி வேளைக்கே படுக்கப் போயிருந்தாள். உள் அறையில் தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. சேலை எடுக்கிறாளாக்கும் என்று அவன் நினைத்தான்.

சனிக்கிழமை விடிந்து எழும்பியபோது வீடு ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. கேற்றடியில் வரிசை இல்லை. வந்த பிள்ளைகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். மேசையில் நீலப்பூப் பீங்கான் இருந்தது. மூடி எடுக்கப்பட்டிருந்தது. ஐந்து இடியப்பம், சம்பல், பக்கத்தில் சொதி. மாமி கதிரையில் இருந்தாள்.

"சாப்பிடுங்க மனே. ஆறப்போகுது."

"இது அண்ணன்ட பீங்கான்," என்றான் அவன்.

"நீங்க சாப்பிடுங்க."

பதினொரு வருடம் தள்ளி வந்த விருந்து. அவன் ஐந்தையும் சாப்பிட்டான். சொதியையும் ஊற்றித் துடைத்துச் சாப்பிட்டான். அவள் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அவனுக்குக் கொஞ்சம் பகிடி விடவும் துணிச்சல் வந்தது. இனிமேல் பிள்ளைகளிடம் சந்திரனுக்குப் போனது மெய் என்று சொல்லுவீங்களா மாமி என்று கேட்டான்.

"சொல்லுறன் மனே," என்றாள் அவள். "போனதுதான்." வெறும் பீங்கானை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கழுவும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

கை கழுவிவிட்டு அவன் மண்டபத்துக்கு வந்தான். சுலோஜனா சுவரிலிருந்த தமையனின் படத்தைக் கழற்றி மடியில் வைத்து, கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்பது அவளுடைய தோளில்தான் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அதன்மேல் பழைய படம் ஒன்று, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

உதயரூபன் குனிந்து பார்த்தான். மணலில் ஒருவன் குப்புறக் கிடந்தான். இடது கை மேலே நீண்டிருந்தது. மற்றக் கை நெஞ்சுக்குக் கீழே. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தலைமாட்டில் நின்ற ஒரு வேலிக் கம்பின் நிழல் ஒரு பக்கம் போக, அவனுடைய நிழல் மறுபக்கம் கிடந்தது.

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்னப்பூரணி வாழையிலையில் சுற்றின ஒரு பொதியோடு வந்தாள். விடிய மாமி ஆள் அனுப்பிக் கட்டச் சொன்னது என்று பொதியை சுலோஜனாவின் பக்கத்தில் வைத்து அவிழ்த்தாள். நந்தியாவட்டை மாலை. சின்னது, சுவர்ப் படத்தின் அளவுக்கு.

உதயரூபன் மாலையைப் பார்த்தான், தகரப் பெட்டியைப் பார்த்தான். தன் முதுகில் அந்தக் கை இன்னும் மணல் தட்டுவது போல இருந்தது. அக்கா, என்றான், பழைய படத்தைக் காட்டி.

அன்னப்பூரணி மாலையின் நூலைச் சரிசெய்துகொண்டு, அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"இந்தப் படத்தில நிழல் பிழை எண்டதாலதான் தம்பி, அவன் பதினாறு வருசமா உசிரோட இருந்தவன்."